38 மில்லி பள்ளமும் 2 டன் பாரமும்

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி-பதில்

மழை ஓய்ந்ததும் மும்பையில் மராமத்துக் காலம் தொடங்கிவிடும். பழைய கட்டடங்களின் கான்கிரீட் தளங்களைச் சரிசெய்து மட்டம் எடுப்பது பற்றி மாட்டுங்கா, கிர்காவ், தாதர் முதலிய பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் 1938-இல் கட்டியது. இரண்டாவது மாடி. 12-க்கு 16 அடி ஹாலில் லாதி எனும் பழைய தரை ஓடுகளையும் அதன் கீழிருந்த சுண்ணாம்புப் படுகையையும் பெயர்த்துவிட்டோம். இடிபாட்டு மூட்டைகள் இன்னும் காம்பவுண்டில்தான் கிடக்கின்றன. கான்கிரீட் தளத்தின் நடுவில் 38 மில்லி (மில்லிமீட்டர்) பள்ளம். ஓரத்தில் 1 இஞ்ச், நடுவில் இரண்டரை இஞ்ச் கலவை போட்டு மட்டமாக்கி, மேலே பெரிய விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டித் தருவதாகக் காண்ட்ராக்டர் சொல்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா?
(வாசகி, மாட்டுங்கா)

இன்றைக்குச் சொல்லாதீர்கள். முதலில் எடையைப் பாருங்கள். உங்கள் ஹால் கிட்டத்தட்ட 17.8 சதுர மீட்டர். தட்டுப் போலக் குழிந்த தளத்தில் நடுப்பள்ளம் 38 மில்லி என்றால் சராசரிப் பள்ளம் சுமார் 15 மில்லி. ஓரத்து 25 மில்லியையும் சேர்த்தால் சராசரிக் கனம் 40 மில்லி. சிமென்ட் கலவை ஒரு கன மீட்டர் 2,100 கிலோ என்று வைத்தால் கலவை மட்டுமே ஒன்றரை டன். டைல்ஸும் பசையும் இன்னொரு அரை டன். ஆக 2 டன். அதுவும் சமமாகப் பரவாது. தளம் எங்கே அதிகம் தொய்ந்திருக்கிறதோ அங்கேதான் கலவையும் கனமாக விழும். நடுவில் ஒரு சதுர மீட்டருக்கு 160 கிலோ வந்துவிடும். குடியிருப்புத் தளத்தில் ஆட்கள், சாமான்கள் என்று ஏறி இறங்கும் பாரத்துக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி வைத்திருக்கும் அளவே சதுர மீட்டருக்கு 200 கிலோ சொச்சம்தான். பாரம் கூடினால் தளம் இன்னும் தொய்யும், தொய்ந்ததை நிரப்ப இன்னும் கலவை கொட்டுவார்கள்.

மூட்டைகள் காம்பவுண்டில் இருப்பது உங்கள் நல்ல காலம். லாரி ஏற்றிவிடாதீர்கள். பத்து மூட்டையை எடை போட்டுச் சராசரி எடுத்து, மொத்த எண்ணிக்கையால் பெருக்குங்கள். எண்பது வருஷத்துக்கு மேலாக இந்தத் தளம் சுமந்த பாரம் அது. 20 மில்லி சிமென்ட் லாதியும் 40 மில்லி சுண்ணாம்புப் படுகையும் இருந்திருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ தேறும். புதிதாக ஏற்றுவது அதைத் தாண்டக் கூடாது. மொத்தத்தில் மட்டும் பார்த்தால் போதாது, நடுப்பகுதியில் தனியாகவும் பார்க்க வேண்டும்.

அடுத்து, பள்ளம் எதில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குக் கீழ்வீட்டுக்குப் போங்கள். அவர்கள் கூரையில் சுவருக்குச் சுவர் ஒரு நைலான் நூலை இரு முனையிலும் 50 மில்லி கட்டை வைத்து இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். அங்கும் 50 மில்லியே இருந்தால் பள்ளம் மேல்பூச்சில்தான், பெரிய கவலை இல்லை. 12, 15 மில்லி என்று குறைந்திருந்தால் ஸ்லாபே தொய்ந்திருக்கிறது. அண்மையில் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) போட்டுக் கூரையை நேராக்கியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். கூரையில் கம்பி ஓட்டத்திலேயே கோடு கோடாக வெடிப்போ பழுப்புக் கறையோ இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லாப் தொய்ந்திருந்தால் வேலை கொத்தனாருடையது அல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையது. 12 அடி அகலத்துக்கு, அகலத்தில் 250-இல் ஒரு பங்கு என்ற வழக்கமான வரம்புப்படி 15 மில்லிக்கு உள்ளேதான் தொய்வு இருக்கலாம். உங்களுடையது அதைப்போல இரண்டரை மடங்கு. கான்கிரீட்டின் காரத்தன்மை எவ்வளவு ஆழம் வரை போய்விட்டது என்பதற்கு ஃபினால்ஃப்தலீன் கரைசல் சோதனை உண்டு. புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் நல்ல கான்கிரீட் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டை கம்பி வரை எட்டிவிட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம். இன்னொன்று: கீழிருந்து ஜாக்கி கொடுத்துத் தளத்தை நிமிர்த்துகிறேன் என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். பல பத்தாண்டுகளாகப் படிந்த தொய்வு நிமிராது, கான்கிரீட்தான் விரியும்.

இன்ஜினியர் சரி என்றால், என் யோசனை பாதிப் பள்ளத்தை மட்டும் நிரப்புவது. மட்டம் வேறு, சமதளம் வேறு. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்க வேண்டிய அவசியம் ஒரு ஹாலுக்கு இல்லை. மேடுபள்ளம் தட்டாமல் ஒரே ஓட்டமாக இருந்தால் போதும். 2 மீட்டர் மட்டப்பலகையை எங்கே வைத்தாலும் அடியில் சீரான மெல்லிய வளைவைத் தவிர மேடோ குழியோ தெரியக் கூடாது. அதுதான் நிபந்தனை. 12 அடியில் 15, 20 மில்லி மெல்ல இறங்குவது நடக்கிற காலுக்குத் தெரியாது. அலமாரிக் காலுக்கு ஒரு அட்டை கொடுத்தால் முடிந்தது. ஆனால் 2-க்கு 4 அடி டைல்ஸை மறந்துவிடுங்கள். வளைந்த தளத்தில் அவ்வளவு பெரிய பலகை மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். 8 இஞ்ச் லாதி வளைவோடு வளைந்து போகும். அந்தக் காலத்துக் கட்டடத்துக்கு அழகும் அதுதான்.

முழு மட்டம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஈரக் கலவையே வேண்டாம். கனம் கூட்டிக் குறைத்த மரச்சட்டங்களின் மேல் 18 மில்லி பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட் அடித்துவிடுங்கள். சட்டத்தோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்குள் முடியும். கரையான் மருந்து கட்டாயம்.

கிர்காவில் தரைத்தள வீடு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர்கள். மழைக்காலத்தில் தளம் ஈரமாகி உப்புப் பூக்கிறது. சமையலறை மூலையில் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறது, அங்கே 20 மில்லி இறங்கியும் இருக்கிறது. பாலித்தீன் ஷீட் விரித்து, மேலே கான்கிரீட் போட்டு, எபாக்ஸி பூசச் சொல்கிறார்கள்.
(வாசகர், கிர்காவ்)

இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒரே மருந்தில் இரண்டும் தீராது.

மூலை இறங்கியதற்கு அடியில் மண் போனதுதான் காரணம். மண் போக மும்பையில் இரண்டு வழி: உடைந்த சாக்கடைக் குழாய், இல்லையென்றால் பெருச்சாளி. நானி டிராப்பில் (தரையிலுள்ள கழிவுநீர் வாயில்) சாயம் கலந்த நீரை ஊற்றி அடுத்த சேம்பரில் (சாக்கடைத் தொட்டியில்) முழுதாக வந்து சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். குழாயைச் சரிசெய்யாமல் மேலே எது போட்டாலும் மறுபடி இறங்கும். பிறகு பொள்ளல் சத்தம் வரும் பகுதியில் அரை மீட்டருக்கு ஒன்றாக 12 மில்லி துளை போட்டு, கெட்டிக் கம்பியை இறக்கி, வெற்றிடம் எவ்வளவு ஆழம் என்று தரையிலேயே சாக்பீஸால் எழுதிவையுங்கள். எல்லாம் 50 மில்லிக்குள் இருந்து தளமும் வெடிக்காமல் இருந்தால், சிமென்டும் ஃப்ளை ஆஷும் கலந்த கூழைப் புனல் வைத்துத் தானாக இறங்கவிடுங்கள். பக்கத்துத் துளையில் எட்டிப்பார்க்கும்போது நிறுத்த வேண்டும். பம்ப் வைத்து அழுத்தினால் ஒன்று தளம் தூக்கும், இல்லையேல் பழைய கருங்கல் அஸ்திவாரத்தின் சந்துகள் மூட்டை மூட்டையாகக் குடித்துவிடும். வெற்றிடம் அதற்கு மேல் என்றால் அந்த மூலையைக் கட்டர் வைத்து வெட்டி எடுத்து, முரம் (சரளை) மண்ணை 150 மில்லி அடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்து, கருங்கல் சோலிங் (கல் படுகை) அடுக்கி, 1:4:8 கான்கிரீட் 100 மில்லி போடுங்கள். வளை இருந்தால் உடைந்த கண்ணாடி கலந்த கலவையால் அதை அடைப்பது பழைய கொத்தனார்களின் பழக்கம். மட்டமான யோசனை இல்லை.

ஈரத்துக்கு வருவோம். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மேல்புறம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம், ஜன்னல்தான் மருந்து. அடிப்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஏறுகிறது.

அப்படி ஏறும் ஈரத்துக்குத் தரை முழுக்க ஷீட்டும் எபாக்ஸியும் போட்டு வாயை அடைத்தால் அது எங்கே போகும்? சுவருக்குத்தான். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சி மூச்சு விடும் பொருள். தரை வழி அடைபட்டதும் முழங்கால் உயரம் வரை பூச்சு உப்பி உதிரத் தொடங்கும். தரை பளபளவென்று இருக்கும், சுவர் அழுகும். அதனால் முதலில் வெளியே பாருங்கள். பழைய கட்டடங்களில் சொசைட்டிக்காரர்கள் காம்பவுண்டில் கான்கிரீட்டுக்கு மேல் கான்கிரீட் போட்டு, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிடுவது வழக்கம். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு அதை வெட்டி எடுத்து ஜல்லி நிரப்புங்கள். தண்ணீர் கட்டடத்தை விட்டு விலகி ஓட வாட்டம் கொடுங்கள். உள்ளே சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்), மணல் 1:1:1 படுகையில் கோட்டா கல்லோ கடப்பா கல்லோ பதித்து, இணைப்புகளையும் சுண்ணாம்பிலேயே தேயுங்கள். ஆறச் சிமென்டைவிட நாள் அதிகம் பிடிக்கும், வேறு குறை இல்லை.

கோட்டைப் பகுதியில் 300 சதுர அடி அலுவலகம். பழைய சிவப்பு ஆக்சைடு தரையின் மேல் தானாகப் பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவை போட்டோம். மூன்றே மாதத்தில் அப்பளம் போலப் பெயர்கிறது. கம்பெனி மூட்டைதான், 5 மில்லி கனம்தான். எங்கே தவறு?
(வாசகர், செம்பூர்)

பெயர்ந்த சில்லு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், அதன் முதுகில் எழுதியிருக்கும்.

முதுகு முழுக்கச் சிவப்புத் தோல் ஒட்டி வந்திருந்தால், பழைய ஆக்சைடு பூச்சே கீழிருந்து விட்டுவிட்டது. அந்தப் பூச்சு சில மில்லி கனம்தான். அதன் அடியில் வலுவற்ற சுண்ணாம்புக் கான்கிரீட் இருந்திருக்கும். மேலே போட்ட கெட்டிச் சரக்கு காயும்போது சுருங்கி, அதை உரித்துக்கொண்டு வந்துவிட்டது. முதுகு சுத்தமாக, கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தால் மெழுகு. ஆக்சைடு தரைக்குப் பல வருஷமாக மெழுகும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்த்திருப்பார்கள். அதில் பிரைமர் பிடிக்காது. முதுகில் வெள்ளை மாவு இருந்து விரலில் ஒட்டினால், தரையைக் கழுவிவிட்டுத் தூசியோ சிமென்ட் பாலோ போகாமல் போட்டிருக்கிறார்கள். முதுகு நன்றாக இருந்து மேல்முகம் மட்டும் சாக்பீஸ் போல உதிர்ந்தால் தண்ணீர் கூடிப்போனது.

மறுபடி போடும்போது தரை முழுதையும் சிறு சுத்தியலால் தட்டி, பொள்ளல் இடங்களை வட்டம் போட்டு, அவற்றை முழுதாகப் பெயர்த்துவிடுங்கள். மீதியை வேக்வம் பொருத்திய டைமண்ட் கிரைண்டரால் மணல் துகள் கண்ணுக்குத் தெரியும் வரை தேயுங்கள். பிரேக்கர் வேண்டாம். அந்த அதிர்ச்சியில் கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு கொட்டும், இங்கேயும் நன்றாக ஒட்டியிருந்தது விட்டுப்போகும். கான்கிரீட் தூசி நுரையீரலுக்குக் கேடு, கைக்குட்டை கட்டினால் போதாது, என்-95 முகக்கவசம் போடச் சொல்லுங்கள். தேய்த்த இடத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிஷத்தில் உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

பழைய தளம் நிறைய உறிஞ்சும், ஆகவே பிரைமர் இரண்டு கை. முதல் கையை நீர்க்கக் கலந்து அடித்து, காய்ந்த பிறகு இரண்டாவது. இதை மிச்சம் பிடித்தால் தளத்திலுள்ள காற்று சரக்கின் வழியே குமிழியாக வெளிவந்து மேலே ஊசித் துளைகளை விட்டுவிடும். சுவர் ஓரம் முழுக்க 6 மில்லி ஃபோம் பட்டை ஒட்டுங்கள். குழாய் இறங்கும் துளைகளைக் கெட்டிக் கலவையால் அடையுங்கள். இந்தச் சரக்கு தண்ணீர் போல ஓடும். பழைய கட்டடத்தின் ஏதோ ஒரு மறந்துபோன துளை வழியாகக் கீழ்வீட்டுக்காரர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தால் அப்புறம் உங்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

அளவு: ஒரு மில்லி கனத்துக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 1.7 கிலோ. உங்கள் 28 சதுர மீட்டருக்கு 5 மில்லி என்றால் 238 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை பத்து. பதினொன்று வாங்குங்கள், நடுவில் தீர்ந்துபோனால் இணைப்பு காலத்துக்கும் தெரியும். மூட்டையில் போட்டிருக்கும் தண்ணீரை அளவுக்கோடு போட்ட வாளியில் அளந்து ஊற்றி, அதில் தூளைக் கொட்ட வேண்டும். தூளில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். மிக்ஸர் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் கலக்கி, சற்று விட்டு, மறுபடி கலக்குங்கள். இன்னும் ஓடட்டும் என்று சித்தாள் கூட ஊற்றும் அரை லிட்டர்தான் மேல்முகத்தைச் சாக்பீஸாக்குகிறது. இருவர் கலக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் பரப்பி முள் உருளை ஓட்ட, நாலு பேர் வேண்டும். முந்தைய வாளிச் சரக்கின் விளிம்பு இறுகுவதற்குள் அடுத்தது வந்து சேர வேண்டும், உங்களுக்குக் கிடைக்கும் நேரம் 10, 15 நிமிஷம்தான். ஏசி, மின்விசிறி இரண்டையும் ஒரு நாள் அணைத்து வையுங்கள்.

ஜிப்சம் வகைச் சரக்கு மலிவாகக் கிடைத்தால் பழைய கட்டடத்தில் தொடாதீர்கள். ஈரம் பட்டால் அது இளகும், சிமென்டோடு சேர்ந்து உப்பவும் செய்யும்.

பால்கனித் தரையைக் கொத்தும்போது துருப்பிடித்த கம்பி தெரிந்தது. சிமென்ட் பூசி மூடிவிட்டு டைல்ஸ் போடலாமா?
(வாசகர், தாதர்)

பால்கனி என்பதால் முதலில் வேலையை நிறுத்துங்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் ஸ்லாபில் பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் மேல்புறத்தில்தான் இருக்கும். ஹாலில் கொத்துவது போல இங்கே கொத்தினால் அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் கான்கிரீட்டையே எடுத்துவிடுகிறீர்கள். கீழிருந்து முட்டு கொடுத்த பிறகே மேலே உளி படலாம். முட்டும் ஒரு மாடியோடு நிற்கக் கூடாது, தரை வரை இறங்க வேண்டும்.

பிறகு கம்பியைச் சுற்றி, அதன் பின்னாலும் 20 மில்லி வரை, கையுளியால் எடுத்து, பளபளப்பு வரும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, வெர்னியர் வைத்து அளங்கள். அந்தக் காலத்துக் கம்பி இஞ்ச் கணக்கு, முறுக்கில்லாத வழுவழுப்புக் கம்பி. எட்டில் மூன்று (3/8) இஞ்ச் என்றால் 9.5 மில்லி. இப்போது 8.5 மில்லிதான் இருக்கிறது என்றால் ஒரு மில்லிதானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த நிலையில் புதுக் கம்பி சேர்ப்பதா என்பதை இன்ஜினியர் முடிவு செய்ய வேண்டும்.

மூடும் முறை: கம்பிக்கு ஜிங்க் எபாக்ஸி பிரைமர், தளத்துக்கு எஸ்பிஆர் லேட்டக்ஸும் (செயற்கை ரப்பர் பால்) சிமென்டும் கலந்த கூழ். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை ஏற வேண்டும், காய்ந்துவிட்டால் ஒட்டாது, மாறாக விட்டுப்போகும். கலவைக்கு சிமென்ட் 50 கிலோ, சலித்த மணல் 150 கிலோ, லேட்டக்ஸ் 7.5 கிலோ. ஒரு நாள் ஈரச் சாக்கு, அப்புறம் காற்றில் காயவிடுங்கள். இந்தக் கலவைக்கு ஏழு நாள் தண்ணீர் கட்டுவது நல்லதில்லை. கடலோர உப்பு கான்கிரீட்டில் ஏறியிருந்தால், ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்கும், அதன் விளிம்பைச் சுற்றியுள்ள கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால் குளோரைடு சோதனை செய்யாமல் வெறும் ஒட்டுவேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தரையில் மயிரிழை போல வெடிப்பு. இன்னும் நகர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகி, சயான்)

வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் எபாக்ஸியால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் வெடிப்புக்கு உயிர் இருக்கிறது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்து முடிவு செய்வது நல்லது. உயிருள்ள வெடிப்பில் எபாக்ஸி ஏற்றினால் அது பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் புதிதாக ஒன்று பிளக்கும்.

பழைய பூப்போட்ட சிமென்ட் லாதிகளை உடையாமல் எடுத்து, தளத்தைச் சரிசெய்த பிறகு திரும்பப் பதிக்க முடியுமா? பாரம்பரியக் கட்டடம் என்பதால் அனுமதி வேண்டுமா?
(வாசகர், கிர்காவ்)

முடியும், அடியில் சுண்ணாம்புப் படுகை இருந்தால். சிமென்டில் பதித்திருந்தால் பாதி உடையும், அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில் புகைப்படம் எடுத்து, வரிசைக்கும் நிரைக்கும் எண் கொடுத்து, ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டி எழுதுங்கள். கதவோரத்தில் ஏற்கெனவே உடைந்த ஒன்றைப் பலி கொடுத்து வழி உண்டாக்கி, அங்கிருந்து படுகைக்குள் பட்டையுளியைப் படுக்கைவாட்டில் செலுத்த வேண்டும். மேலிருந்து நெம்பினால் மூலை போகும். முதுகில் ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டி, கிடையாக அடுக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். திரும்பப் பதித்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுவதாக மிஸ்திரி சொன்னால் வாளியைப் பிடுங்கிவிடுங்கள். அந்த லாதியின் நிறம் மேலுள்ள சில மில்லி சிமென்ட் அடுக்கில்தான் இருக்கிறது, ஆசிட் அதைத்தான் தின்னும்.

மும்பையின் பாரம்பரிய விதிகள் 1995-இல் வந்தன. முதல் தரக் கட்டடத்தில் உள்வேலைக்கும் கட்டுப்பாடு உண்டு. மூன்றாம் தரத்தில் உள்மாற்றங்களுக்குப் பெரும்பாலும் இடம் தருவார்கள். உங்கள் கட்டடம் எந்தத் தரம் என்று மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். செஸ் (பழைய கட்டட மராமத்து வரி) கட்டும் கட்டடமாக இருந்தால் ஸ்லாபையோ பீமையோ தொடுவதற்கு முன் மாடாவின் (மாநில வீட்டுவசதி ஆணையம்) மராமத்து வாரியத்துக்கும் எழுதுங்கள். பகடி (முன்பணம் கொடுத்துப் பிடித்த பழைய வாடகை) வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை வாய்ப்பேச்சோடு விடாமல் கையெழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.